ஹைவா, சொந்த வலைப்பூவா, யூடியூபா? குமரி மாவட்டத்திலிருந்து எழுதுகிறவருக்கு ஒரு கணக்கு

"அண்ணே, எழுதிப் போட்டா கிரிப்டோ தருவாங்களாமே, உள்ளதா?" மார்த்தாண்டம், கருங்கல், தக்கலைப் பக்கம் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். உள்ளதுதான். ஸ்டீமிட், பிறகு அதிலிருந்து பிரிந்த ஹைவ் என்று சில தளங்கள் 2016 முதல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எவ்வளவு, எந்த வடிவில், எத்தனை நாள் கழித்து வங்கிக் கணக்குக்கு வந்து சேரும், அதே உழைப்பை வேறிடத்தில் போட்டால் என்ன கிடைக்கும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கையில் ஒரு போன், கொஞ்சம் எழுத்துத் திறமை, மிச்சமிருக்கும் நேரம், இவ்வளவுதான் கைமுதல் என்கிறபோது அந்த நேரத்தை எங்கே போடுவது என்பது பெரிய முடிவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் மட்டும் எழுதுகிறவர் சொந்த வலைப்பூவையோ யூடியூபையோ முதலில் பார்க்கட்டும். ஆங்கிலமும் எழுத வரும், படமும் நன்றாக எடுப்பேன் என்பவருக்கு ஹைவ் நல்ல இரண்டாம் இடம். அடுத்த மாத வாடகைக்கு வழி தேடுகிறவருக்கு இவற்றில் எதுவுமே இப்போதைக்கு உதவாது. அவர் முதலில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, எழுத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

காசு யார் கொடுக்கிறார்கள்

ஸ்டீமிட்டை நெட் ஸ்காட்டும் டான் லாரிமரும் 2016இல் தொடங்கினார்கள். முகநூலில் நாம் எழுதுகிறோம், விளம்பரக் காசு நிறுவனத்துக்குப் போகிறது. எழுதுகிறவருக்கே அது போனால் என்ன என்று கேட்டார்கள். இன்றும் எனக்குப் பிடித்த கேள்வி அது. ஆனால் அவர்கள் கொடுத்த காசு விளம்பரத்திலிருந்து வரவில்லை. ஸ்டீமிட் ஓடும் ஸ்டீம் என்ற பிளாக்செயின், அதாவது பலர் கணினிகளில் பதிவாகும் பொதுக் கணக்குச் சங்கிலி, தொடர்ந்து புது நாணயங்களை உருவாக்குகிறது. அதில் ஒரு பங்கு பரிசுத் தொகுப்பாக ஒதுக்கப்பட்டு, பதிவுகளுக்கு விழும் ஓட்டுகளின்படி பிரிகிறது. எல்லார் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. யார் எவ்வளவு நாணயத்தைப் பூட்டி வைத்திருக்கிறாரோ, அந்த அளவுக்குத்தான் அவர் ஓட்டுக்குப் பலம். இதிலிருந்து பிரிந்த ஹைவிலும் இதே ஏற்பாடுதான்.

நாகர்கோவிலில் உங்களோடு படித்தவர்கள் எல்லாரும் புதுக்கணக்கு தொடங்கி உங்கள் பதிவுக்கு ஓட்டுப் போட்டாலும் அது சில்லறைக்குத் தேறாது. ஒரு பதிவின் மொத்தத் தொகை 0.02 டாலரைத் தொடாவிட்டால் எதுவுமே வராது. அதே நேரம் நிறைய இருப்பு வைத்திருக்கும் ஒருவர், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒரே ஓட்டில் ஒரு டாலரை ஏற்றிவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் படிப்பது ஆங்கிலம். வெனிசுவேலாக்காரர்கள் ஏராளமாக எழுதுவதால் ஸ்பானியமும் உண்டு. பேச்சிப்பாறை அணையைப் பற்றி நீங்கள் எவ்வளவு அருமையாகத் தமிழில் எழுதினாலும், ஓட்டுப் பலம் உள்ளவருக்கு அது புரியாது. படிக்கிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் வேறொருவர் என்ற இந்த இடைவெளியைத்தான் ஹைவில் நுழைகிறவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு பதிவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதிவின் அடியில் 2 டாலர் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாள் ஆன பிறகுதான் அது பட்டுவாடா ஆகும். அதில் பாதி ஓட்டுப் போட்டவர்களுக்குப் போகிறது. முன்பு எழுதியவருக்கு 75% கிடைத்தது. 2019 ஆகஸ்டில்தான் அதைப் பாதிப் பாதி ஆக்கினார்கள். உங்களுக்கு வரும் 1 டாலரில் பாதி எச்பிடி என்ற நாணயம். அது டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும்படி அமைக்கப்பட்டது. மறுபாதி ஹைவ் பவர் என்ற பெயரில் பூட்டப்படும்; அதுதான் உங்கள் ஓட்டுப் பலம். அதைத் திறந்தால் 13 வாரத்தில், வாரம் ஒரு பங்காக வெளியே வரும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால், ஒரு வாரம் காத்திருந்து உடனே தொடக்கூடியது 42 ரூபாய் சொச்சம். அதுவும் இன்னும் ரூபாயாக மாறவில்லை.

புதிதாக வருகிறவர் பதிவுக்கு 2 டாலரைப் பார்ப்பதும் சுலபமில்லை. சில சென்ட்டோடு நிற்கும் பதிவுகள்தான் ஆரம்பத்தில் அதிகம். மற்றவர்கள் எழுதுவதைப் படித்து, மனம்விட்டுக் கருத்துச் சொல்லி, புகைப்படம், பயணம், தோட்டம், சமையல் என்று ஏதாவது ஒரு குழுவில் ஆறேழு மாதம் நிலைத்து நின்றால் சிலரின் தொடர் ஓட்டு கிடைக்கும். அந்தப் பழக்கம் நல்லதுதான். உலகத்தில் பல இடங்களில் நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால் அந்த நேரத்தையும் உழைப்புக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவது, ஏஐயை எழுதவிட்டுப் பெயர் போட்டுக்கொள்வது எல்லாம் அங்கே செல்லாது. ஹைவ்வாட்சர்ஸ் என்ற குழு அதைத் தேடிப் பிடிக்கிறது. டவுன்வோட், அதாவது எதிர் ஓட்டு, விழுந்தால் வரவேண்டிய தொகை சுழியாகிவிடும்.

ஸ்டீமா, ஹைவா

இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. டிரான் என்ற கிரிப்டோ வலையமைப்பைத் தொடங்கிய ஜஸ்டின் சன் 2020 பிப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அவர் கைக்கு எல்லா அதிகாரமும் போய்விடும் என்று அஞ்சிய பயனர்கள், 2020 மார்ச் 20 அன்று முழுச் சங்கிலியையும் நகலெடுத்துக்கொண்டு ஹைவ் என்று தனியாகப் பிரிந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில், ஸ்டீம் சங்கிலியில் ஒரு ஹார்ட் ஃபோர்க், அதாவது சங்கிலியின் விதிகளையே மாற்றும் மென்பொருள் மாற்றம், நடந்தது. எதிர்த்து நின்ற சிலரின் கணக்குகளில் இருந்த சுமார் 2.36 கோடி ஸ்டீம் நாணயங்கள் அவர்கள் சம்மதமில்லாமலே எடுக்கப்பட்டன. "உன் கணக்கை யாரும் தொட முடியாது" என்ற பேச்சை நம்பி உள்ளே போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும். இரண்டில் ஒன்று என்றால் என் பரிந்துரை ஹைவ்தான். ஒரு நிறுவனத்தின் சொத்தாக இல்லாமல் அது ஓடுகிறது, பீக்டி, ஈசென்சி என்று ஒரே கணக்கில் நுழையப் பல வாசல்கள் இருக்கின்றன.

வேறு சில தளங்களும் உண்டு. பப்ளிஷ்சீரோஎக்ஸ் போன்றவை படிக்கிறவருக்கும் எழுதுகிறவருக்கும் சிறுசிறு துளியாக டிப் கொடுக்கும். பொழுதுபோக்காகப் பார்க்கலாம், வருமானம் என்று எழுதிவைக்க அது போதாது. முதலில் நீங்கள் பணம் கட்டினால்தான் உங்கள் எழுத்துக்குக் காசு என்று சொல்லும் எந்தத் தளமானாலும், ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சொல்லும் எந்த செயலியானாலும் அன்றே விட்டுவிடுங்கள். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட திட்டங்களில் நகையை அடகு வைத்துப் பணம் போட்ட குடும்பங்கள் உண்டு.

விலை என்ற தலைவலி

ஸ்டீம் நாணயத்தின் கதை ஒரு பாடம். 2016 ஜூலையில் 4 டாலர் வரை ஏறியது, அடுத்த சில மாதங்களில் 10 சென்ட்டுக்கும் கீழே வந்தது. 2018 ஜனவரி தொடக்கத்தில் 8 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடியும் சென்ட் கணக்குக்கு வந்துவிட்டது. நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 70% பேரை அனுப்பியது. 2018 ஜனவரியில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் இன்றும் யூடியூபில் "எழுதினால் லட்சம்" என்று சுற்றுகின்றன.

குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் புரியும். விலை ஏறட்டும் என்று ஷீட்டை வீட்டில் அடுக்கி வைத்துக் காத்திருந்த அனுபவம் அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு வேறுபாடு இருக்கிறது: ரப்பர் எவ்வளவு கீழே போனாலும் டயர் கம்பெனிக்கு அது வேண்டும். ஹைவ் நாணயத்தை வாங்குகிறவர் அதை இன்னொருவர் வாங்குவார் என்று நம்பித்தான் வாங்குகிறார், அல்லது ஓட்டுப் பலத்துக்காக வாங்குகிறார். அதனால் என் கருத்து, கைக்கு வரும் எச்பிடியை அப்போதைக்கப்போது மாற்றிவிட வேண்டும். பவராகப் பூட்டப்பட்டதை மட்டும் உங்கள் ஓட்டுப் பலத்துக்காக விட்டுவையுங்கள். அதன் விலையை நினைத்து வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம்.

ரூபாயாக மாற்றுவது

தமிழில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இதுதான். எச்பிடியை ஹைவின் உள்சந்தையில் ஹைவ் நாணயமாக மாற்ற வேண்டும். அதை ஓர் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது கிரிப்டோவை வாங்கி விற்கும் சந்தைக்கு, அனுப்ப வேண்டும். இந்திய எக்ஸ்சேஞ்சின் பட்டியலில் ஹைவ் இருக்கிறதா என்று கணக்குத் தொடங்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் வெளிநாட்டுச் சந்தையில் வேறு நாணயமாக மாற்றி, பிறகு இங்கே கொண்டுவர வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கட்டணம் போகும். ஒரு கிரிப்டோவை இன்னொரு கிரிப்டோவாக மாற்றுவதும் வரிச் சட்டத்தின் கண்ணில் விற்பனைதான்.

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30% வரி, அதன்மேல் 4% செஸ். வேறு வருமானமே இல்லாத மாணவருக்கும் இதே விகிதம்தான். வரிவிலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. ஒரு நாணயத்தில் நட்டம் வந்தால் இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1% டிடிஎஸ் பிடிக்கிறார்கள். ரிட்டர்ன் போட்டால் அது உங்கள் வரிக் கணக்கில் சேரும். பதிவுக்குக் கிடைத்த நாணயத்தைப் பொறுத்தவரை, வந்த நாளில் அதன் ரூபாய் மதிப்பை வருமானமாகக் காட்டி, விற்கும்போது அதற்குமேல் வந்த லாபத்துக்கு மட்டும் 30% கட்டுவதே கணக்குப் பார்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் முறை. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். வந்த தேதி, அளவு, அன்றைய விலை மூன்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வைத்தால்தான் அவராலும் உதவ முடியும்.

கட்டணம் அதிகம் என்று பலர் பீடூபீ முறையில் முகம் தெரியாத ஆளுக்கு விற்று, யூபிஐயில் பணம் வாங்குகிறார்கள். அந்த ஆள் அனுப்பியது மோசடிப் பணமாக இருந்தால், சைபர் கிரைம் புகாரின்பேரில் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும். எங்கோ வடமாநிலத்தில் பதிவான புகாருக்கு நீங்கள் இங்கிருந்து பதில் சொல்லி அலைய வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்காக அப்பாவின் ஓய்வூதியம் வரும் கணக்கை அதில் இழுத்துவிட வேண்டாம். எஃப்ஐயூ என்ற நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சை மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த எக்ஸ்சேஞ்ச் என்றாலும் அங்கே பணத்தைத் தேக்கி வைப்பது தவறு. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போய், மக்கள் தங்கள் நாணயத்தை எடுக்க முடியாமல் நீண்ட காலம் தவித்தார்கள்.

சாவி விஷயமும் உண்டு. ஹைவில் கடவுச்சொல் மறந்தால் மாற்றித்தர ஓர் அலுவலகம் கிடையாது. எழுதுவதற்கு ஒரு சாவி, பணம் அனுப்ப வேறு சாவி, எல்லாவற்றுக்கும் மேலே உரிமையாளர் சாவி. அவற்றைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். எழுதும் சாவியைத் தவிர மற்றதை எந்த இணையதளம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று: அங்கே போட்ட பதிவைத் திருத்தலாம், ஆனால் பழைய வடிவம் சங்கிலியில் இருந்துகொண்டே இருக்கும். ஊர்ச் சண்டை, குடும்ப விஷயம், பிள்ளைகளின் படம் இவற்றை அங்கே எழுதாமல் இருப்பதே நல்லது.

சொந்த வலைப்பூ

நம் பக்கத்தில் விளம்பரம் வைத்துப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டது. பிளாகரில் இலவசமாகத் தொடங்கலாம். சொந்தப் பெயரில் இணைய முகவரி வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை. வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் அஞ்சலில் வீட்டுக்கு வரும். 100 டாலர் சேர்ந்த பிறகு நேராக வங்கிக்குப் பணம் வரும். எக்ஸ்சேஞ்ச், சாவி, 30% என்ற பேச்சே இல்லை. மற்ற வருமானத்தோடு சேர்த்து வரி கட்டினால் போதும்.

குறைகளும் உண்டு. தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பர விலை ஆங்கிலத்தைவிடக் குறைவு. அந்த 100 டாலரைத் தொடப் பலருக்கு மாதங்கள் பல ஆகும். தேடுகிறவருக்குக் கூகுளே மேலே பதிலைச் சொல்லிவிடுவதால், பொதுவான தகவலை எழுதும் வலைப்பூக்களுக்கு வரும் கூட்டம் குறைகிறது.

அதனால்தான் ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த விஷயம் விலைபோகும் என்கிறேன். சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். அந்த நாட்களில் எந்தக் கடற்கரையில் என்ன மீன் கிடைக்கும் என்பதை ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை எழுதினால், அதைப் போல் வேறு யார் எழுத முடியும்? திருவள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு, படகுக்கு எந்த நேரத்தில் வரிசை குறையும், சபரிமலை சீசனில் எப்போது கிளம்ப வேண்டும், வயதானவர்களை அழைத்துக்கொண்டு போக முடியுமா என்றெல்லாம் வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். திற்பரப்பில் எப்போது தண்ணீர் விழும், மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கு எந்தப் பக்கமிருந்து போனால் படி ஏறி இறங்கும் பாடு குறையும், மட்டிப்பழம் எந்தச் சந்தையில் நல்லதாகக் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். இந்த வாசகருக்குத் தங்கும் விடுதி வேண்டும், வண்டி வேண்டும், சாப்பாடு வேண்டும். அவற்றை விற்கும் உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து உங்கள் பக்கத்தில் விளம்பரம் வைத்தால், அது ஆட்சென்ஸைத் தாண்டிவிடும். படிக்கிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒரே ஊர்ச் சாலையில் சந்திக்கிறார்கள் என்பதுதான் இதன் பலம்.

யூடியூபும் கதை எழுதும் தளங்களும்

பேச்சு வருமென்றால் யூடியூப். 1000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை இருந்தால் விளம்பர வருமானத்தில் 55% உங்களுக்கு. நம் வட்டார வழக்கில் பேசினால் வளைகுடாவில் வேலை செய்யும் குமரிக்காரர்கள் வீட்டு ஏக்கத்தோடு பார்ப்பார்கள். அந்த நாடுகளின் பார்வைக்கு விளம்பர விலையும் கூடுதல். ஆனால் முகம் காட்ட எல்லாராலும் முடியாது, எடிட்டிங்குக்கு நேரம் பிடிக்கும், பெண் பிள்ளைகள் கருத்துப் பெட்டியில் படும் பாட்டையும் மறைக்க முடியாது. எழுத்துதான் எனக்கு வசதி என்பவரை யூடியூபுக்குத் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை.

கதை, நாவல் எழுதுகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முதல் இடமில்லை. பிரதிலிபியில் தமிழ் வாசகர் கூட்டம் தயாராக இருக்கிறது. நாமே நூல் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி தளம் தமிழ் மின்னூலை ஏற்கிறது. விற்பனைக்கும் படித்த பக்கங்களுக்கும் ராயல்டி வங்கிக்கே வரும்.

யாருக்கு எது

திருவட்டாறு பக்கம் ஓர் இளம்பெண், ஆங்கிலம் படித்தவர், வீட்டுத் தோட்டத்தில் கிராம்பும் மிளகும் வளர்வதைப் படமெடுத்து எழுதக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஹைவ் பொருந்தும். தோட்டம், இயற்கை, புகைப்படம் ஆகியவற்றுக்கு அங்கே உயிருள்ள குழுக்கள் இருக்கின்றன; கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒட்டிய மலையடிவாரத்து வாழ்க்கை அந்த வாசகர்களுக்குப் புதிது. வாரம் இரண்டு பதிவு, ஆறு மாதம், கையிலிருந்து ஒரு ரூபாயும் போடாமல் முயன்று பார்க்கட்டும். அதே விஷயத்தைத் தமிழில் வேறு விதமாக எழுதித் தன் வலைப்பூவிலும் வைக்கட்டும். ஒரே பதிவை இரண்டு இடத்திலும் ஒட்டினால் ஹைவில் டவுன்வோட் விழ வாய்ப்புண்டு.

கன்னியாகுமரிக் கடற்கரையில் அப்பாவின் கடையில் உட்கார்ந்து சுற்றுலாக்காரர்களோடு நாளெல்லாம் பேசுகிற பையனுக்கு வலைப்பூவைத்தான் சொல்வேன். அவனுக்குத் தெரிந்தது பணம் கொடுக்கத் தயாராக இருக்கிற வாசகருக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. ஹைவில் அவன் எழுதினால் அந்த அறிவு, கன்னியாகுமரிக்கு ஒருபோதும் வராத ஒருவரின் ஓட்டுக்காகக் காத்திருக்கும்.

கடன் இருக்கிறவர் ஹைவ் பவர் வாங்கி ஓட்டுப் பலத்தைக் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். அப்போது அது எழுத்தாக இருக்காது, முதலீடாகிவிடும். 13 வாரப் பூட்டோடு கூடிய, நட்டத்தை எதிலும் கழிக்க முடியாத முதலீடு. எழுதிச் சம்பாதித்த பவரைச் சேர்த்துக்கொண்டே போகலாம். அது கூடக்கூட உங்களால் இன்னொரு புது எழுத்தாளருக்குச் சில சென்ட்டாவது ஏற்றிவிட முடியும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஹைவில் வழி திறக்க வேண்டுமென்றால், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கையில் ஓட்டுப் பலம் சேர்ந்தாக வேண்டும். அது ஒருவரால் ஆகாது, ஓராண்டிலும் ஆகாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பத்துப் பன்னிரண்டு பேர் வரும் பவரை எடுக்காமல் பூட்டி வைத்து, ஒருவர் எழுத்தை ஒருவர் உண்மையாகவே படித்து, தகுதியானதற்கு மட்டும் ஓட்டுப் போட்டு வந்தால் அதைத் தொடங்கலாம். தங்களுக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறி ஓட்டுப் போட்டுக்கொண்டால் மற்றவர்கள் டவுன்வோட் செய்து அந்த வட்டத்தை மூடிவிடுவார்கள்.